இடப்பக்கம் கடல், காலடியில் மலை: சிங்குவே தெர்ரேவில் நடக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் வடமேற்கில், லிகூரியா கடற்கரையில் மலைச்சரிவோடு ஒட்டிக்கொண்டு ஐந்து சின்ன ஊர்கள் இருக்கின்றன. மொண்டெரோஸோ, வெர்னாட்ஸா, கொர்னீல்யா, மனரோலா, ரியோமஜோரே. ஐந்துக்கும் சேர்த்துச் சிங்குவே தெர்ரே என்று பெயர். ஐந்து நிலங்கள் என்று பொருள். நம் கணக்கில் சொன்னால், குறிஞ்சியும் நெய்தலும் நடுவில் இடமே விடாமல் முட்டிக்கொள்கிற ஊர்கள். 1997-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தன. 1999-இல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவும் ஆனது.

இங்கே நடக்க வருகிறவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. படங்களில் கடலும் வண்ண வண்ண வீடுகளும் தெரிவதால், கடற்கரையோரமாகக் காலாற நடந்துவிட்டு வரலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு போட்டுக்கொள்கிறோம். ஆனால் இது கடற்கரை உலா இல்லை. திராட்சைத் தோட்டக்காரர்கள் கூடை சுமந்து ஏறி இறங்கிய மலைப்பாதை. கடல் பக்கத்திலேயே தெரியும், ஆனால் பெரும்பாலான நேரம் 100, 200 மீட்டர் கீழே இருக்கும்.

தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடுவது

ஐந்து ஊர்களையும் இணைக்கிற கரையோரப் பாதைக்கு நீலப் பாதை என்று பெயர். முழு நீளம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். சமதளத்தில் 12 கிலோமீட்டர் என்றால் மூன்று மணி நேரம், அவ்வளவுதானே என்று காலை பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் நிறைய. மொண்டெரோஸோவிலிருந்து வெர்னாட்ஸா வரை மூன்றரை கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் தொடக்கத்திலேயே கல்படிகள் வரிசையாக மேலே போகும். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி என்று படிக்குப் படி அளவு மாறும். ஒரே தாளத்தில் ஏற முடியாது. இந்தத் துண்டுக்கு மட்டுமே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெர்னாட்ஸாவிலிருந்து கொர்னீல்யாவுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். நடுவில் ப்ரேவோ என்ற குக்கிராமத்தில் பாதை கடலிலிருந்து 200 மீட்டருக்கு மேலே போய்விடும்.

கொர்னீல்யாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தில் இது ஒன்றுதான் கடலைத் தொடாத ஊர், பாறை முனையில் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் நிலையமோ கீழே கடல்மட்டத்தில். இரண்டுக்கும் நடுவில் லார்தரீனா என்ற படிக்கட்டு, 33 திருப்பங்களில் சுமார் 380 படிகள். நடந்து களைத்தவர்கள் ஊரிலிருந்து ரயிலுக்கு இறங்கும்போது முட்டி கடகடவென்று ஆடும். ஊருக்கும் நிலையத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பேருந்து ஓடுகிறது. மூட்டு வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்தப் பேருந்தை நம்பலாம். அதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் போவது

பழைய பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். நான்கு துண்டுகளாக உள்ள நீலப் பாதை நான்கும் ஒருசேரத் திறந்திருப்பது அபூர்வம். மலை சரிகிறது, பாறை உருள்கிறது, பாதையை மூடுகிறார்கள், வருடக்கணக்கில் சீர்செய்கிறார்கள்.

ரியோமஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் நடுவில் உள்ள காதல் பாதையின் கதையைக் கேட்டாலே புரியும். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான, கிட்டத்தட்டச் சமமான பாதை அது. போன நூற்றாண்டின் முற்பகுதியில் ரயில் சுரங்க வேலையை ஒட்டிப் பாறையை வெட்டி அமைத்தது. அதுவரை இரண்டு ஊருக்கும் நடுவில் மலையேறித்தான் போக வேண்டும். பாதை வந்த பிறகு இரண்டு ஊர் இளசுகளும் சந்தித்துக்கொள்ள வழி கிடைத்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. 2012 செப்டம்பரில் அங்கே பாறை சரிந்து சுற்றுலாப் பயணிகள் நான்கு பேர் காயம்பட்டார்கள். அன்று மூடிய பாதை, மலைச்சுவர் முழுக்க வலையும் ஆணியும் அடித்துப் பலப்படுத்திய பிறகு, 2024-இல்தான் முழுசாகத் திறந்தது. இப்போதும் நினைத்த நேரத்தில் போக முடியாது. நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

முன்பதிவு கிடைக்காதவர்கள் ‘வேறு பாதை இருக்கிறதாமே’ என்று பெக்காரா வழியில் ஏறிவிடுகிறார்கள். காதல் பாதை வருவதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் நடந்த பழைய வழி அதுதான். தூரம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக இறங்கும். காலை நேரம், நல்ல ஷூ, திடமான கால் மூன்றும் இருந்தால் தாராளமாகப் போகலாம். மதியம் இரண்டு மணி வெயிலில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிற வழி அது இல்லை.

மனரோலாவிலிருந்து கொர்னீல்யா போகிற கீழ்ப்பாதையும் நிலச்சரிவால் பல வருடமாக மூடிக் கிடக்கிறது. ஆனால் அதற்கு மாற்றாக வோலாஸ்ட்ரா வழியாகப் போகிற மேல்பாதைதான், என்னைக் கேட்டால், இந்தக் கரையிலேயே சிறந்த நடை. மனரோலாவிலிருந்து வோலாஸ்ட்ரா 300 மீட்டருக்கு மேல் ஏற்றம். அந்த ஏற்றத்தைப் பேருந்தில் தாண்டிவிட்டு, அங்கிருந்து திராட்சைக் கொடிகளுக்கு நடுவே கொர்னீல்யாவுக்கு நடக்கலாம். பாதி தூரத்துக்கு மேல் கடலை மேலிருந்து பார்த்துக்கொண்டே போவீர்கள்.

ஆகவே கிளம்பும் நாள் காலையில் தேசியப் பூங்காவின் இணையதளத்தில் பாதைகளின் நிலவரத்தைப் பாருங்கள். வழியில் ‘கியூஸோ’ என்று பலகை மாட்டியிருந்தால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். நாலு பேர் வேலியைத் தாண்டிப் போகிறார்களே என்று நாமும் தாண்டக் கூடாது. அவர்கள் தாண்டியது மேலே இருக்கிற பாறைக்குத் தெரியாது.

கட்டண விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொண்டெரோஸோ–வெர்னாட்ஸா, வெர்னாட்ஸா–கொர்னீல்யா துண்டுகளுக்குப் பூங்கா அட்டை வேண்டும். நடைக்கு மட்டும் ஒரு அட்டை, ஐந்து ஊர்களுக்கும் இரு பக்கத்தில் உள்ள லேவன்டோவுக்கும் லா ஸ்பேட்சியாவுக்கும் நடுவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ரயில் ஏறலாம் என்று இன்னொரு அட்டை. மேலே தோட்டங்களுக்குள்ளே போகிற பாதைகள் பெரும்பாலும் இலவசம். கூட்டம் நெரியும் சில நாட்களில் மொண்டெரோஸோ–வெர்னாட்ஸா பாதையைக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருவழியாக்கிவிடுகிறார்கள். எந்தத் திசை என்று பார்த்துத் திட்டமிடுங்கள்.

செருப்பு

நீண்ட விளக்கம் தேவையில்லை. ரப்பர் செருப்பு, பட்டைச் செருப்பு, குதிகால் செருப்பு எதுவும் வேண்டாம். 2019-இல் பூங்கா நிர்வாகம் பொருத்தமில்லாத காலணியோடு பாதையில் வருகிறவர்களுக்கு 50 முதல் 2500 யூரோ வரை அபராதம் என்று அறிவித்தது. காரணம் எளிது, கால் பிசகிக் கிடப்பவர்களைத் தூக்கிவர மீட்புக் குழுவினர் அடிக்கடி போக வேண்டியிருந்தது. சில இடங்களில் தோளகலம்கூட இல்லாத பாதை இது. ஸ்ட்ரெச்சரோடு நான்கு பேர் வருவது எவ்வளவு பாடு என்று அங்கே நின்று பார்த்தால் தெரியும். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற ஷூ போதும், கணுக்கால் உயர பூட்ஸ்தான் வேண்டும் என்றில்லை. பல ஆயிரம் கால்கள் தேய்த்ததில் படிக்கற்கள் வழவழவென்று ஆகிவிட்டன. லேசாகத் தூறினால் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும்.

கல்சுவரில் உட்காருவது

இதை ஒரு தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

பாதையை ஒட்டி இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் கல்சுவர்கள் வந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் நின்று ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. பெரிய கல், அதன் இடுக்கில் விரல் மொத்தத்தில் ஒரு சில்லு, அதன் மேல் இரண்டு கல்லின் இணைப்பை மூடுகிற மாதிரி இன்னொரு பெரிய கல். சுவர் மலைப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். முகப்புக்குப் பின்னால் பொடிக்கல்லை நிரப்பியிருப்பார்கள். மழை பெய்தால் தண்ணீர் சுவரைத் தள்ளாமல், அந்தப் பொடிக்கல் வழியாக இறங்கி, இடுக்குகளில் கசிந்து வெளியே வந்துவிடும். இப்படிச் சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ, இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் வாழும் மரபாக ஏற்றுக்கொண்டது.

இந்தச் சுவர்கள்தான் மலையைப் பிடித்து வைத்திருக்கின்றன. பல நூறு ஆண்டுகளாகச் சரிவை வெட்டி, கல்லை அடுக்கி, மண்ணைக் கொட்டி, படிப்படியாக நிலம் உண்டாக்கினார்கள். அதில்தான் திராட்சை வைத்தார்கள். ஷாக்கெத்ரா என்ற இனிப்பு ஒயின் இந்த மண்ணிலிருந்து வருவது. 1874-இல் ஜெனோவா–லா ஸ்பேட்சியா ரயில் பாதை முடிந்த பிறகு, மெல்ல மெல்ல ஆட்கள் ஆலை வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வெளியே போனார்கள். தோட்டங்கள் தரிசாகின. கவனிப்பு இல்லாத சுவரில் ஒரு கல் விழுந்தால் அந்த ஓட்டையில் மண் கரைகிறது, அடுத்த மழையில் சுவர் வயிறு உப்புகிறது, அதற்கடுத்த மழையில் சரிகிறது. பாதைகள் மூடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே போட்டோவுக்காகச் சுவர் மேல் ஏறி நிற்பது, களைப்பாக இருக்கிறதென்று விளிம்பில் உட்காருவது, எதிரே ஆள் வந்தால் சுவரில் காலை வைத்து ஒதுங்குவது, இதெல்லாம் வேண்டாம். குறுக்கு வழி என்று தோட்டத்துக்குள் இறங்குவதும் வேண்டாம். அது யாரோ ஒருவருடைய விளைநிலம். செப்டம்பரில் போனால் அறுவடை நடப்பதைப் பார்க்கலாம். ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்கிற குட்டி வண்டியில் திராட்சைப் பெட்டிகளை அடுக்கி, அதில் ஏற்றி அனுப்புவார்கள். அந்தத் தண்டவாளம் எட்டாத இடங்களில் இன்றும் தோள்தான்.

மழையை லேசாக எடுத்துக்கொள்வது

கோடைக் கூட்டம் குறைந்திருக்கும் என்று அக்டோபர், நவம்பரில் வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மலை கடலை ஒட்டியே நிமிர்ந்து நிற்பதால், கோடை முழுக்கச் சூடேறிய கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இங்கே முட்டி, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2011 அக்டோபர் 25 அன்று அப்படித்தான் நடந்தது. வெர்னாட்ஸாவின் பெரிய தெருவில் சேறும் கல்லும் கடைகளின் முதல் தளம் வரை ஏறி நின்றன. மொண்டெரோஸோவும் தப்பவில்லை. உயிர்கள் போயின. இன்று அழகாகத் தெரிகிற அந்தத் தெரு, ஊர்க்காரர்கள் மண்வெட்டியால் தோண்டி மீட்டது.

லிகூரியாவில் மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தில் வரும். எச்சரிக்கை நாளில் பாதைகளை மூடிவிடுவார்கள். காலையில் வானம் தெளிவாக இருக்கிறதே என்று வாதாடாமல் அன்றைக்கு நடையை விட்டுவிடுங்கள். இன்னொன்று, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். அதன் பிறகு மாலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112.

கோடையில் பிரச்சினை வேறு. ஜூலை, ஆகஸ்டில் வெயிலை வாங்கிக் கல்படியே கொதிக்கும், பாதையில் நிழல் குறைவு. ஊருக்குள் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன, ஊர் தாண்டினால் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். கட்டுச்சோறுக்கு இந்த ஊர் ஃபொக்காச்சா ரொட்டி அருமையானது. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஃபரினாத்தா கேட்டு வாங்கலாம், கொண்டைக்கடலை மாவில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சுட்டது.

ரயிலில் ஏமாறுவது

பக்கத்து ஊருக்கு ரயிலில் நாலைந்து நிமிடம்தான். அதனாலேயே அசட்டையாக இருந்துவிடுகிறோம். காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன்னால் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். அப்புறம், வெர்னாட்ஸா மாதிரி நிலையங்களில் நடைமேடையின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் இருக்கிறது. ரயில் இருட்டில் நிற்கும், ‘இது நிலையமா என்ன’ என்று யோசிப்பதற்குள் கிளம்பிவிடும். முன்கூட்டியே கதவுப் பக்கம் வந்து நில்லுங்கள். படகில் திரும்பலாம் என்று நினைப்பவர்களுக்கு: அலை அதிகமானால் படகு கிடையாது, கொர்னீல்யாவில் எப்போதும் நிற்காது.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, ஐந்து ஊரையும் நடந்தே முடிக்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். மே மாதமோ செப்டம்பர் கடைசியோ, காலை ஏழரை மணிக்கு மனரோலாவில் இறங்குங்கள். பேருந்தில் வோலாஸ்ட்ரா ஏறி, தோட்டங்கள் வழியாகக் கொர்னீல்யாவுக்கு நடந்து, அங்கே சாப்பிட்டு, வெயில் தணியும் வரை மரநிழலில் இருங்கள். மூன்றரை மணிக்கு வெர்னாட்ஸா பாதையில் கிளம்பினால், கடைசி இறக்கத்தில் ஒரு திருப்பம் வரும். துறைமுகம், பழைய காவல் கோபுரம், தேவாலயம் மூன்றும் கீழே ஒன்றாகத் தெரியும். அந்த இடத்துக்கு ஒரு கால் மணி நேரம் மிச்சம் வைத்துக்கொண்டு போங்கள்.