மணவாளக்குறிச்சி மணலில் காமாக் கதிர்வீச்சை அளப்பது எப்படி?

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அலை ஒதுக்கிவிட்டுப் போன கருமணல் மீது, கதிர்வீச்சை எண்ணும் கெய்கர் கருவியை வைத்தால் எண் மளமளவென்று ஏறும். கருப்பாகத் தெரிவது இல்மனைட் என்ற கனிமம். கதிர்வீச்சு வருவதோ அதில் கலந்து கிடக்கும் தேன்நிற மோனசைட் கனிம மணிகளிலுள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்திலிருந்து. முறையாக அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

முதலில் உயரம். கருவியை முக்காலியில் பொருத்தித் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். மணலை ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலான கருவிகளின் கதிருணர் குழாய்கள் பீட்டாத் துகள்களையும் (வேகமான எலக்ட்ரான்கள்) சேர்த்து எண்ணிவிடும். அது காமா அளவு ஆகாது.

அடுத்து நேரம். திரையில் எண் தாவிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பலர் கருவி பழுது என்கிறார்கள். பழுதில்லை. அணுக்கள் சிதைவது தற்செயலாகத்தான். நிமிடத்துக்கு 25 துடிப்பு (கருவி எண்ணும் ஒவ்வொரு கதிரும் ஒரு துடிப்பு) என்றால் பொதுவாக அதன் வர்க்கமூலமான 5 அளவுக்குக் கூடலாம், குறையலாம். அதாவது 20 சதவீதம். அதே இடத்தில் 40 நிமிடம் நின்று 1,000 துடிப்பு சேர்த்தால் தடுமாற்றம் 3 சதவீதமாகச் சுருங்கும். பொறுமையாக நில்லுங்கள். அதே நாளில், கருமணல் இல்லாத ஓர் இடத்திலும் அதே கருவியால் அளந்து ஒப்பிடுங்கள்.

கதிர்வீச்சு இயற்கையா, செயற்கையா? என்னை நெடுநாள் குழப்பிய படி இது. கெய்கர் கருவியால் இதைச் சொல்லவே முடியாது. ஆற்றலைப் பிரித்துக் காட்டும் சீசியம் அயோடைடு படிகக் கருவி வேண்டும். விலை கூடுதல்தான், ஆனாலும் என் பரிந்துரை அதுவே. அணு விபத்துகளில் வெளியாகும் சீசியம்-137 இன் முகடு, அதாவது ஆற்றல் வரைபடத்தில் எழும் மேடு, 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து உருவாகும் வரிசையின் பிஸ்மத்-214 முகடு 609 இல், தோரிய வரிசையின் தாலியம்-208 முகடு 583 இல். சிறிய படிகத்தில் இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே 600க்கு அருகே ஒரு மேடு கண்டதும் சீசியம் என்று முடிவுகட்டாதீர்கள். அதே வரிசையின் மற்ற முகடுகளான கூட்டாளிகளைத் தேடுங்கள்: 239, 911, 2614 தெரிந்தால் தோரியம்; 352, 1764 தெரிந்தால் யுரேனியம். சீசியத்துக்கு இப்படிப்பட்ட காமாக் கூட்டாளிகள் கிடையாது.

பின்சேர்க்கை: மழை தொடங்கியதும் அளவு ஏறுகிறதே என்று வாசகர்கள் கேட்டார்கள். காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உருவாகும் சேய்த் தனிமங்களை மழை தரைக்குக் கழுவி இறக்குகிறது. அவற்றில் முக்கியமானவற்றின் அரைவாழ்வு (பாதி சிதைய ஆகும் நேரம்) 20 முதல் 27 நிமிடம்தான். மழை விட்டபின் சில மணி நேரம் கழித்து அளங்கள்.

மணலை வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். அணுசக்திச் சட்டப்படி மோனசைட் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்.