ஓன் போர்டு காரில் ஆபீஸ் வேலை: இன்சூரன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் நேரத்தில் முக்கால்வாசிப் பேர் கேட்பது பிரீமியம் எவ்வளவு என்பதை மட்டும்தான். வண்டி எந்த வேலைக்கு ஓடுகிறது என்று ஏஜென்டும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இடித்துக்கொண்டு வந்து கிளைம் படிவத்தைக் கையில் வாங்கும்போது முதல் பக்கத்திலேயே அந்தக் கேள்வி நிற்கும்: விபத்து நடந்தபோது வண்டி என்ன உபயோகத்தில் இருந்தது, யார் ஓட்டினார், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்?

'வேலைக்கு ஓட்டினால் கமர்ஷியல்' என்று நினைப்பது

இங்கிலாந்து இணையதளங்களைப் படித்துவிட்டு 'பிசினஸ் யூஸ் கிளாஸ் 1' வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு வகுப்பே கிடையாது. இங்கே தனியார் கார் பாலிசியில் உபயோக வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். பாலிசித் தாளில் தேடிப் படிக்க வேண்டியது அதைத்தான். வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, ரேஸ் மற்றும் வேகச் சோதனை, வாகன வியாபாரம் தொடர்பான உபயோகம் ஆகியவற்றைத் தவிர வேறு எதற்கும் காரை ஓட்டலாம் என்று அது சொல்கிறது. சரக்கு என்பதிலும் சாம்பிளுக்கும் சொந்த லக்கேஜுக்கும் விலக்கு உண்டு.

ஆகவே மருந்து சாம்பிள் பையோடு நாலு ஊர் சுற்றும் மெடிக்கல் ரெப், கிளையன்ட் ஆபீசுக்குப் போகும் ஆடிட்டர், சைட்டைப் பார்க்கப் போகும் இன்ஜினியர் எல்லோருக்கும் சாதாரண பாலிசியே போதும். அதே இன்ஜினியர் பின் சீட்டை மடித்து பத்து மூட்டை சிமெண்ட் ஏற்றினால் கதை வேறு. ஜவுளிக்கடைக்காரர் ஈரோட்டிலிருந்து துணி பேல் ஏற்றி வந்தாலும் அப்படியே. ஊருக்கெல்லாம் நடக்கிறதே என்றால், நடக்கிறது. பெரிய தொகை கிளைம் வரும் நாளில்தான் டிக்கியில் என்ன இருந்தது என்று சர்வேயர் போட்டோ எடுப்பார். பழைய கார் வாங்கி விற்பவர்களுக்கு மோட்டார் டிரேடு பாலிசி என்று தனியாகவே இருக்கிறது. கைமாற வேண்டிய வண்டியை முந்தைய உரிமையாளரின் பாலிசியிலேயே டிரையலுக்கு அனுப்பிக்கொண்டிருப்பது ஆபத்து.

வாடகை எது என்று பிரித்துப் பார்க்காமல் இருப்பது

நீங்களே ஓட்டிப் போன ஆபீஸ் வேலைக்குக் கம்பெனி பெட்ரோல் காசு தருவது ஒன்று. காரையே மாதம் இத்தனை ரூபாய் என்று கம்பெனிக்கு விடுவது வேறொன்று. முதலாவது பயணப்படி. இரண்டாவது வாடகை. வெள்ளை போர்டு வண்டியை ஆப்பில் போட்டு ஓட்டுவதும், சனி ஞாயிறு தெரிந்தவருக்குத் திருப்பதி டிரிப் அடித்துக் காசு வாங்குவதும் இந்த இரண்டாவது வகைதான். அதற்கு மஞ்சள் போர்டு, பெர்மிட், பயணிகள் வாகனப் பாலிசி மூன்றும் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

காசு எங்கே போகும் என்று பார்ப்போம். சொந்த வண்டியின் சேதத்தில், உபயோக வரம்பை மீறியதற்காகக் கிளைம் மொத்தமாக மறுக்கப்படலாம். உச்ச நீதிமன்றம் 2010இல் அமலேந்து சாகு வழக்கில், சொந்த உபயோகப் பாலிசி உள்ள வண்டி வாடகைக்கு ஓடியதாக மறுக்கப்பட்ட கிளைமை 'நான் ஸ்டாண்டர்டு' அடிப்படையில் தீர்க்கச் சொல்லி 2,50,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது. இந்த வகையில் கிடைப்பது அனுமதிக்கத்தக்க தொகையில் அதிகபட்சம் 75 சதவீதம், அதுவும் வழக்காடிய பிறகு. இதை நம்பி வண்டியை வாடகைக்கு விட முடியாது. எதிரே வந்தவர் இறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பெர்மிட் இல்லாத வாடகை உபயோகம் என்பதை இன்சூரன்ஸ் கம்பெனி எதிர்வாதமாக வைக்கச் சட்டத்தின் 150ஆம் பிரிவே இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று தீர்ப்பானால், அந்த லட்சங்கள் உங்கள் தலையில்தான் விழும்.

கூட வருபவர்களை மறப்பது

தேர்ட் பார்ட்டி, அதாவது மற்றவருக்கு நேரும் நஷ்டத்துக்காகச் சட்டம் கட்டாயமாக்கிய காப்பு, மட்டும் போட்டிருக்கும் காரில் உடன் வேலை செய்பவரை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். அவருக்கு அடிபட்டால் பாலிசி பேசாது. இந்த வெறும் சட்டப் பாலிசி சொந்தக் காருக்குள் இருப்பவரைக் காப்பதில்லை, சொந்தச் சேதத்தையும் சேர்த்த பேக்கேஜ் பாலிசி காக்கும். 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது. அதில் அடிபட்டவர் கம்பெனி காரில் பயணித்த அதே கம்பெனியின் நிர்வாக இயக்குநர்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்குத் தேர்ட் பார்ட்டி மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே போடப்படுகிறது. ஆனால் சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் இருக்கும். 'மூணு வருஷ இன்சூரன்ஸ் இருக்கே' என்று இரண்டாம் ஆண்டைக் கவனிக்காமல் விட்டு, வெறும் தேர்ட் பார்ட்டியோடு ஓட்டியவர்கள் ஏராளம். பாலிசித் தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

கார் கம்பெனி பெயரில் இருந்தால் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு அதில் வராது, ஏனென்றால் கம்பெனிக்கு லைசென்ஸ் கிடையாது. அந்தக் காரை ஓட்டும் மேனேஜருக்கு வேறு வழியில் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேட்க வேண்டும். ஊழியர்கள் பயணிக்கிற, ஓட்டுகிற கம்பெனி காருக்கு அவர்களுக்கு அடிபட்டால் கம்பெனிக்கு வரும் பொறுப்பை ஏற்கும் ஐஎம்டி 29 என்ற கூடுதல் பிரிவும், சம்பள டிரைவர் இருந்தால் அவருக்காக ஐஎம்டி 28ம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஆளுக்கு 50 ரூபாய்தான். இவ்வளவு மலிவான பாதுகாப்பு இந்தத் தாளில் வேறெதுவும் கிடையாது, அடிக்கடி விட்டுப்போவதும் இதுதான்.

பிரீமியத்தைக் குறைக்கும் ஆசையில் கூடுதல் பிரிவுகளைத் தப்பாகத் தேர்வது

தினமும் 60 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் ஆண்டுக்கு 15,840 கிலோமீட்டர். இப்படி ஓட்டுபவர் 'ஓட்டுவதற்கு ஏற்பக் கட்டு' வகையில் 5,000, 7,500 என்று கிலோமீட்டர் வரம்பு வைத்த திட்டத்தை எடுப்பது வீண். வரம்பு தாண்டிய பின் சொந்தச் சேதக் காப்பு நின்றுபோகலாம், டாப்-அப் போட மறந்தால் முழுச் செலவும் நம்முடையது. 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இந்த வகைக்கு அனுமதி தந்தது. குறைவாக ஓட்டுபவர்களுக்கு அது நல்ல திட்டம்தான்.

விரும்பிப் போடும் கழிவுத் தொகையும் அப்படித்தான். பழைய டாரிஃப் அளவில், ஒவ்வொரு கிளைமிலும் 15,000 ரூபாயை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஆண்டுக்குக் கிடைக்கிற தள்ளுபடி அதிகபட்சம் 2,500 ரூபாய். நெரிசலில் தினமும் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் பிரிவு, இல்லாமல் ஒரு பம்பர் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். உதாரணமாக பம்பர் விலை 12,000, பெயின்டிங் 8,000 என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதத் தேய்மானம் போக பம்பருக்கு 6,000. மொத்தமாகப் போட்ட பெயின்டிங் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். ஆக 1,000 போய் 7,000. கூட்டினால் 13,000. 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கையில் வருவது 12,000, நாம் போடுவது 8,000, வரி தனி. ஜீரோ டெப் இருந்தால் நம் பங்கு 1,000 அளவில் முடியும். ஆனால் பல கம்பெனிகள் ஆண்டுக்கு இரண்டு ஜீரோ டெப் கிளைமுக்கு மேல் தருவதில்லை. ஒரு கிளைம் போட்டாலே அடுத்த ஆண்டு என்சிபி, அதாவது கிளைம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பூஜ்யமாகிவிடும் என்பதும் இருக்கிறது. 50 சதவீத என்சிபி வைத்திருப்பவர் 5,000 ரூபாய் கீறலுக்குக் கிளைம் போடும் முன் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். நிறைய ஓட்டுபவருக்கு என்சிபி பாதுகாப்பு ஆட்-ஆன் கொடுத்த காசுக்குப் பயன்படும்.

மழைக்காலத்தில் சென்னைச் சுரங்கப்பாதைகளைக் கடந்து ஆபீஸ் போக வேண்டியவர் இன்ஜின் காப்பையும் சேர்க்கட்டும். தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி அதை விளைவுச் சேதம் என்று சொல்லி ஒதுக்கும். டிக்கியில் வைத்த ஆபீஸ் லேப்டாப் கார் பாலிசியில் வராது. உடைமைக் காப்பு ஆட்-ஆன் எடுத்தாலும் வியாபார சாம்பிளையும் சரக்கையும் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். லேப்டாப்புக்கு ஆபீஸ் பாலிசியைத்தான் கேட்க வேண்டும்.

பெயரும் தாளும்

ஆர்சியில் இருக்கும் பெயரும் பாலிசியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். டைரக்டர் பெயரில் இருந்த காரைக் கம்பெனி பெயருக்கு மாற்றினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். தேர்ட் பார்ட்டி காப்பு சட்டப்படி தானாக மாறிவிடும், சொந்தச் சேதக் காப்பு அப்படி மாறாது. என்சிபி காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. பழைய உரிமையாளரின் என்சிபியோடு பாலிசியை ஓட்டினால் கிளைமில் அது சிக்கும்.

புதுப்பிக்கும் முன் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். காரை எந்த வேலைக்கு ஓட்டுகிறீர்கள், யார் யார் ஓட்டுகிறார்கள், ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர், எதையாவது ஏற்றுவீர்களா, கூட யார் வருவார்கள் என்று நாலு வரி எழுதி, இது பாலிசிக்குள் வருமா என்று கேளுங்கள். ஏஜென்ட் 'எல்லாம் வரும் சார்' என்று போனில் சொல்வதைவிட, கம்பெனி எழுதும் ஒரு வரி பதில் கிளைம் நேரத்தில் பேசும். ஆபீசிலிருந்து பயணப்படி வாங்குபவர் அந்தக் கடிதத்தையும் அதே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாம். கிளைம் படிவத்தில் உபயோகம் என்ற கட்டத்தை ஒர்க்‌ஷாப்காரர் நிரப்பட்டும் என்று வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அவர் வழக்கமாக எழுதும் 'சொந்த வேலை' உங்கள் ஃபாஸ்டாக் பதிவோடும் ஆபீஸ் டூர் பில்லோடும் ஒத்துப்போகாவிட்டால், விசாரணைக்கு வருபவர் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான்.