பாவாடைச் சிவப்பு கசியாமல் பின்னணியை மங்கலாக்குவது எப்படி?

நவராத்திரிக்கு முந்தைய வாரம், மயிலாப்பூர் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைக் கடைகள். அங்கே அக்கா மகளைச் சிவப்புப் பட்டுப் பாவாடையில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். பாப்பா நன்றாகத்தான் விழுந்திருந்தாள். ஆனால் அவள் தோளுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி, கிழிந்த பேனர், ஒரு மஞ்சள் ஆட்டோ. அக்காவோ ஃபிரேம் போட்டு மாட்டப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

நான் பயன்படுத்தியது ஜிம்ப் (GIMP) என்ற படம் திருத்தும் மென்பொருள். காசு கிடையாது, என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. போனில் ஒரே தட்டலில் மங்கலாக்கலாம்தான். என் போன் பாப்பாவின் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தையும் சேர்த்து மங்கலாக்கிவிட்டது.

படத்தைத் திறந்து லேயரை (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாளை) டூப்ளிகேட் செய்யுங்கள். மேலே இருப்பது பாப்பா, கீழே இருப்பது பின்னணி. மேல் லேயரில் ஃப்ரீ செலக்ட் கருவியால் பாப்பாவைச் சுற்றிக் கோடு போட்டு, 'ஆட் லேயர் மாஸ்க்' (லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு) போய் 'செலக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தானாகத் தேர்வு செய்யும் மந்திரக்கோல் கருவி இந்தக் கூட்டத்தில் உதவாது, கையால் வரைவதே மேல்.

இனி கீழ் லேயரை மங்கலாக்க வேண்டியதுதானே என்று காஸியன் ப்ளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டரைப் போட்டேன். பாப்பாவைச் சுற்றிச் சிவப்பாக ஒரு ஒளிவட்டம், சாமி படம் மாதிரி! ஒரு மாலை முழுக்க மாஸ்க் ஓரத்தைச் சுரண்டியும் அது போகவில்லை. தப்பு மாஸ்க்கில் இல்லை. கீழ் லேயரிலும் பாப்பா நிற்கிறாள் அல்லவா? ப்ளர் என்பது பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலப்பது. பாவாடையின் சிவப்பும் அப்படிக் கலந்து வெளியே கசிகிறது.

ஆகவே முதலில் கீழ் லேயரிலிருந்து பாப்பாவை அழிக்க வேண்டும். மேல் லேயரின் கண் குறியை அணைத்துவிட்டு, கீழ் லேயரில் கிளோன் கருவியை (ஓர் இடத்தை நகலெடுத்து இன்னோர் இடத்தில் பூசுவது) எடுங்கள். கண்ட்ரோலை அழுத்திப் பக்கத்துச் சுவரில் ஒரு கிளிக், பிறகு பாப்பாவின் ஓரத்தின் மேல் தேயுங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, எப்படியும் மங்கப் போகிறது. நடு உடம்பு வரை போக வேண்டாம், ப்ளர் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலத்துக்கு ஓரம் மறைந்தால் போதும். அப்புறம் காஸியன் ப்ளர். 4000 பிக்சல் அகலப் படத்துக்கு நான் 25 வைத்தேன். கண் குறியைத் திரும்பப் போட்டால் ஒளிவட்டம் காணோம்.

தலைமுடி ஓரத்தை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் மாஸ்க்கில் சரிசெய்யுங்கள்: கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். காலடித் தரையிலும் பெரிய மென்மையான வெள்ளைப் பிரஷ்ஷை ஓட்டுங்கள். இல்லையென்றால் பாப்பா மிதப்பாள்.

பின்சேர்க்கை: கிளோன் வேலையே செய்யவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பழைய செலக்‌ஷன் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 'செலக்ட் நன்' கொடுங்கள். மாஸ்க்கில் தீட்டினால் பாப்பா முகத்திலேயே கறுப்பு அப்புகிறது என்றார் இன்னொருவர். லேயர் பட்டியலில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாஸ்க் கட்டத்தை ஒருமுறை கிளிக் செய்துவிட்டுத் தீட்டுங்கள், சரியாகிவிடும்.