பார்மசூட்டிகல் சயின்ஸ் வேறு, பார்மசி வேறு: அமெரிக்கா வரும் கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். முத்தியால்பேட்டையில் இரண்டு வீடுகளிலும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கிரீன் கார்டு வந்துவிட்டது, பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள், அங்கே பார்மசி படிக்க வைக்கலாமா?" தாராளமாக வைக்கலாம். ஆனால் எந்தப் படிப்பில் சேர்க்கிறீர்கள் என்பதை முதல் தவணைப் பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். என் சித்தி வீட்டில் அதைப் பார்க்காமல் விட்டார்கள். தங்கைக்கு ஓர் ஆண்டு வீணானது, கையிருப்பும் கரைந்தது. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சித்தி டி.பார்ம் படித்தவர். முத்தியால்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். சீட்டை நீட்டினால் எந்த டாக்டர் எழுதியது என்று கையெழுத்தை வைத்தே சொல்லிவிடுவார். நம் ஊர்க் கணக்கு அவருக்கு மனப்பாடம்: டி.பார்ம் இரண்டு ஆண்டு, பி.பார்ம் நான்கு ஆண்டு, எதை முடித்தாலும் பார்மசி கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு கடையில் உட்காரலாம். நியூஜெர்சிக்குக் குடிவந்ததும் தங்கையை ஒரு கல்லூரியில் பார்மசூட்டிகல் சயின்ஸ் இளங்கலையில் சேர்த்தார்கள். அதுவும் நான்கு ஆண்டு, பெயரும் கிட்டத்தட்ட அதுவே. பி.பார்ம் என்றே நினைத்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அது பி.பார்ம் அல்ல. அமெரிக்காவில் இன்று மருந்தாளுநராக வேண்டுமென்றால் பார்ம்.டி. என்ற பார்மசி டாக்டர் பட்டம் வேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இளங்கலைப் பார்மசிப் பட்டத்தை வைத்து உரிமம் கொடுத்த காலம் 2000-களின் தொடக்கத்தோடு முடிந்துபோனது. பார்மசிக் கல்விக்கு அங்கீகாரம் தரும் ஏ.சி.பி.இ. அமைப்பு ஏற்றுக்கொண்ட பார்மசிப் பள்ளியில் (பார்மசிக் கல்லூரியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வழக்கமாக நான்கு ஆண்டு படிக்க வேண்டும். அதன் கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைகளிலும் கடைகளிலும் பயிற்சி. பிறகு நாப்ளெக்ஸ் என்ற நாடு தழுவிய உரிமத் தேர்வும் பெரும்பாலான மாநிலங்களில் மருந்துச் சட்டத் தேர்வும் எழுதினால்தான் மாநில வாரியம் உரிமம் தரும்.

அப்படியானால் பார்மசூட்டிகல் சயின்ஸ் என்ன படிப்பு? நம் ஊரை வைத்தே சொல்கிறேன். கடலூர் சிப்காட்டில் மருந்துத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் வேலை செய்கிறார். மஞ்சக்குப்பத்தில் சித்தி கடை மேசைக்குப் பின்னால் நின்றார். முதலாமவர் வேலைக்கு நேராகக் கொண்டுபோய் விடுவது இந்தப் படிப்பு. மாத்திரை எப்படிக் கரைகிறது, உடல் அதை எவ்வளவு நேரத்தில் உறிஞ்சி வெளியேற்றுகிறது, மூலக்கூறில் ஒரு சிறு பகுதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கற்றுத் தருவார்கள். நல்ல படிப்பு. நியூஜெர்சியில் மருந்து நிறுவனங்களுக்கும் குறைவில்லை. ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நோயாளிக்கும் மருந்தாளுநராக மருந்து கொடுக்க முடியாது. பார்மசிப் பள்ளிக்குப் போகிற பல வழிகளில் அது ஒன்று, அவ்வளவுதான்.

இது தெரியவந்தது மூன்றாம் ஆண்டின் முடிவில். அதற்குள் சித்தப்பா, மகள் மருந்தாளுநர் ஆகப்போகிறாள் என்று ஊரில் எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். சரி, நான்கு ஆண்டு முடித்து, அதன்மேல் இன்னும் நான்கு ஆண்டு படிக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். அங்கேதான் உண்மையான குழி இருந்தது.

பார்மசிப் பள்ளிகள் சேர்க்கைக்குப் பெரும்பாலும் பட்டத்தைவிடப் பாடங்களைத்தான் பார்க்கின்றன. பல பள்ளிகளுக்குப் பட்டமே தேவையில்லை. குறைந்தது இரண்டு ஆண்டு அளவுக்கு முன்தேவைப் பாடங்களை முடித்திருந்தால் போதும். பொது வேதியியல், கரிம வேதியியல், உயிரியல், உடற்கூறும் உடலியங்கியலும், நுண்ணுயிரியல், கால்குலஸ், புள்ளியியல், ஆங்கிலக் கட்டுரை என்று பட்டியல் போகும். பள்ளிக்குப் பள்ளி அது மாறும். தங்கை படித்த கல்லூரியில் பார்மசிப் பள்ளியே கிடையாது. ஆகவே அந்தப் பட்டியல்களைப் பார்த்து அவர்கள் பாடத்திட்டம் அமைக்கவில்லை. அவள் உடலியங்கியல் படித்திருந்தாள், ஆனால் செய்முறை வகுப்பு இல்லாமல் ஒரே பருவம். விண்ணப்பித்த பள்ளிகள் கேட்டதோ செய்முறையோடு இரண்டு பருவம். நுண்ணுயிரியலிலும் செய்முறை இல்லை. மேடைப் பேச்சு என்று ஒரு பாடம் கேட்டார்கள், அதை அவள் எடுக்கவே இல்லை. கையில் பட்டம் இருந்தும், அதைவிட அடிப்படையான மூன்று பாடங்களுக்காகச் சமுதாயக் கல்லூரியில் போய் உட்கார்ந்தாள். அந்தச் சேர்க்கைக் காலம் கைநழுவிப் போனது. நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு பருவமும் கையெழுத்துப் போட்ட ஆலோசகர் ஒருமுறைகூட "எந்தப் பள்ளிக்குப் போகப்போகிறாய்?" என்று கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதிப்பெண்ணிலும் ஓர் அடி விழுந்தது. நம் ஊரில் அரியர் வைத்தால் எழுதித் தேறிவிடுவோம், தேறிய மதிப்பெண்தான் நிற்கும். இங்கே பார்மசிப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான பார்ம்காஸ், திரும்ப எடுத்த பாடத்தின் பழைய மதிப்பெண்ணையும் புதியதையும் சேர்த்தே சராசரி போடும். தங்கை கரிம வேதியியலை இரண்டாம் முறை எடுத்து நன்றாக வாங்கினாள். ஆனாலும் முதல் முறை வாங்கிய சி மைனஸ் சராசரியைக் கீழே இழுத்தது. ஒரு பாடம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால், கல்லூரி அனுமதிக்கும் தேதிக்குள் விலகிவிடுங்கள். பிளஸ் டூ உயிரியலில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் முன்தேவைப் பாடத்துக்கு அது ஈடாகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்ம்காஸ் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் திறக்கும், அப்போதே தொடங்குங்கள். ஊர்க் கல்லூரியில் ஓரிரு ஆண்டு படித்திருந்தால், அவற்றைப் பாடம் பாடமாக அமெரிக்கக் கணக்குக்கு மாற்றிக் காட்டும் மதிப்பீட்டு அறிக்கை வாங்க வேண்டியிருக்கும். செய்முறை நேரம் குறிப்பிட்ட பாடத்திட்டத்தைக் கல்லூரி முத்திரையோடு கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். இங்கிருந்துகொண்டு சிதம்பரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஆள் அனுப்புவது பெரும்பாடு. பிகேட் என்ற நுழைவுத் தேர்வு 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதற்கான பழைய புத்தகங்களை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பி.பார்ம் முடித்துவிட்டுத் திருமணமாகி வருகிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்களுக்கு, வெளிநாட்டில் பார்மசி படித்தவர்களுக்கான அமெரிக்கத் தேர்வை எழுதவே குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டம் வேண்டும். நம் பி.பார்ம் நான்கு ஆண்டு என்பதால் அந்த வாசல் மூடியிருக்கிறது. ஊரிலேயே ஆறாண்டு பார்ம்.டி. முடித்தவர்களுக்கு அது திறந்திருக்கிறது. திருமணப் பேச்சின்போது "அங்கே போய்த் தேர்வு எழுதிக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

எந்த வழி நல்லது என்று கேட்டால், பிள்ளைக்குப் பார்மசிதான் என்று உறுதியாகத் தெரியும்போது பார்மசூட்டிகல் சயின்ஸ் பட்டத்துக்கு நான்கு ஆண்டு கொடுக்க வேண்டாம் என்பேன். பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேர்கிற ஆறாண்டுப் பார்ம்.டி. நியூஜெர்சியில் ரட்கர்ஸிலும் நியூயார்க்கில் செயின்ட் ஜான்ஸிலும் இருக்கிறது. ஆராய்ச்சியா கடையா என்று பிள்ளை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் அந்தப் பட்டம் வீண் இல்லை. தங்கை இப்போது பார்ம்.டி. இரண்டாம் ஆண்டு. மருந்து இரத்தத்தில் ஏறி இறங்கும் கணக்குகளில் வகுப்பே திணறும்போது அவள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். எனக்கு அதில் பெருமைதான்.

சித்தி இப்போது இங்கே ஒரு மருந்துக்கடையில் டெக்னீஷியன், அதாவது மருந்தாளுநருக்கு உதவியாளர். அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துப் பழகிய கை, தட்டில் மாத்திரையைக் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுகிறது. இங்கே சீட்டெல்லாம் கணினியில் வருகிறது, கையெழுத்தைப் பார்க்கவே முடியவில்லை என்று வருத்தப்படுவார்.

ஊரிலிருந்து புதிதாக யாராவது பெண்ணையோ பையனையோ அழைத்துக்கொண்டு வந்தால், முதலில் அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போடுவார். இடப்பக்கம் பாடங்கள். மேலே அவர்கள் விரும்பும் நான்கு பார்மசிப் பள்ளிகள். எத்தனை பருவம், செய்முறை உண்டா, குறைந்தபட்ச மதிப்பெண் என்ன என்று கட்டம் கட்டமாகப் பிள்ளையையே நிரப்பச் சொல்வார். நிரப்பிய தாளைக் கல்லூரி ஆலோசகர் முன் வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பதில் வாங்கிய பிறகே அந்தப் பருவத்துக்குப் பதிவு செய்ய விடுவார்.