மஞ்சள் போனால் குரோமியம் போய்விடாது

குரோம் பிளேட்டிங் பட்டறையின் கழுவல் தண்ணீர், மஞ்சள் நீராட்டுக்குக் கரைத்து வைத்த மாதிரி இருக்கும். அந்த நிறம் ஆறு எலக்ட்ரான் இழந்த, அதாவது ஆறு இணைதிறன் குரோமியத்துடையது. புற்றுநோய் வரவைக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கோவையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இதைக் கொட்டாங்குச்சிக் கரியால் எடுக்கிறோம்.

கொட்டாங்குச்சியை நார் போகச் சுரண்டிக் கழுவி, காயவைத்து, கடுகு அளவுக்கு உடையுங்கள். மாவாகிவிட்டால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். 100 கிராமுக்கு 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 120 கிராம் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். 110 டிகிரியில் உலர்த்தி, மூடிபோட்ட பீங்கான் குரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணம்) 450 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். புகைபோக்கி கட்டாயம் ஓடவேண்டும்.

பிறகு வெந்நீரில் கழுவல். கழுவிய நீரில் நீல லிட்மஸ் தாள் சிவப்பது நிற்கும் வரை விடக்கூடாது. ஒருமுறை அவசரத்தில் ஐந்து கழுவலோடு நிறுத்தினோம். மிச்சமிருந்த பாஸ்பேட், பின்னால் சுண்ணாம்பு போட்டபோது வெள்ளைச் சேறாகத் திரண்டு நின்றது.

லிட்டருக்கு 50 மி.கி. குரோமியம் உள்ள தண்ணீர் 100 மி.லி. எடுத்து, கந்தக அமிலம் சொட்டி பி.எச். 2க்குக் கொண்டுவாருங்கள். அரை கிராம் கரி போட்டு மூன்று மணி நேரம் குலுக்கி வடியுங்கள்.

இங்கேதான் ஏமாறுவோம். ஒரு மாணவி வடித்த தண்ணீரைத் தூக்கிக் காட்டினாள்: கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவு. ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் ஊதாவாக்கும் டைபினைல்கார்பசைடு விட்டோம், ஊதா வரவில்லை. ஆனால் மொத்த குரோமியத்தை அளந்தபோது கணிசமாக மிச்சம் இருந்தது! அமிலத்தில் கரி எலக்ட்ரான் கொடுத்து ஆறு இணைதிறனை மூன்றாக மாற்றிவிடுகிறது. மூன்று இணைதிறன் அயனிக்கு நேர்மின். அமிலத்தில் கரியின் மேற்பரப்பும் நேர்மின். ஒட்டாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்த ஊதாச் சோதனைக்கு அது தெரியாது.

ஆகவே வடித்த தண்ணீரில் சுண்ணாம்புக் கரைசல் சேர்த்து பி.எச். 8 முதல் 8.5க்குள் நிறுத்துங்கள். வெளிறிய பச்சைத் துணுக்குகள் மெல்லப் படியும். இன்னொரு முறை வடித்து, ஆறு இணைதிறன், மொத்த குரோமியம் இரண்டையும் அளந்து பாருங்கள். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு நம் நாட்டு வரம்பு: ஆறு இணைதிறன் லிட்டருக்கு 0.1 மி.கி., மொத்தம் 2 மி.கி.

பயன்படுத்திய கரியையும் அந்தச் சேற்றையும் குப்பையில் போடாதீர்கள், எரிக்கவே எரிக்காதீர்கள். சாம்பலில் குரோமியம் மறுபடி ஆறு இணைதிறனாக மாறக்கூடும். நாங்கள் மூடிபோட்ட டிரம்மில் தேதி எழுதி வைத்து, உரிமம் பெற்ற அபாயக் கழிவுக்காரர்கள் வரும்போது ஒப்படைக்கிறோம்.