டேங்க் ஒழுகுதா? சீலர் (டேங்க் உள்ள ஊத்தி ஓட்டைய அடைக்கிற பூச்சு) வாங்குறதுக்கு முன்னாடி இத படிங்க

பழைய வண்டி வெச்சிருந்தா என்னிக்காவது ஒருநாள் வண்டி நிக்கிற இடத்துல பெட்ரோல் வாசனை அடிக்கும், குனிஞ்சு பாத்தா டேங்க் அடியில ஜாயின்ட் ஓரமா ஈரம் இருக்கும். சொட்டக்கூட சொட்டாது, வேர்த்த மாதிரி மினுமினுன்னு இருக்கும், பெயின்ட் மட்டும் கொப்புளமா உப்பி நிக்கும். அப்படி ஒரு கொப்புளத்த நகத்தால சுரண்டிட்டு குண்டூசிய வெச்சு லேசா அழுத்துனேன், நேரா உள்ள போயிடுச்சு. தகடே இல்ல, துருவும் பெயின்ட்டும்தான் பெட்ரோல தாங்கிட்டு இருந்திருக்கு.

அடியிலயே ஏன் ஓட்டை விழுதுன்னா, தண்ணி பெட்ரோலவிட கனம். டேங்க் பாதி காலியா நிக்கும்போது உள்ள இருக்க காத்தோட ஈரம் குளிர்ந்து தண்ணியாகி கீழ எறங்கி ஒரே மூலையில வருஷக்கணக்கா தேங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்த இழுத்துக்கும், அளவு மீறுனா எத்தனாலும் தண்ணியும் சேந்து தனியா பிரிஞ்சு அடியில உக்காந்துக்கும். அதனால வெளிய ஒரு ஓட்டை தெரிஞ்சா உள்ள மெலிஞ்சு போன இடம் இன்னும் இருக்கும்னே வெச்சுக்கங்க.

ஒரு விஷயம் கண்டிப்பா மனசுல வைங்க, நிறைஞ்ச டேங்கவிட காலி டேங்க்தான் ஆபத்து, ஏன்னா உள்ள ஆவியும் காத்தும் கலந்து இருக்கும். காத்துல பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே பொறி பட்டா புடிச்சுக்கும், அந்த ஆவி காத்தவிட கனமா தரையோட தரையா ஊர்ந்து போகும், தள்ளி எரியுற அடுப்பு வரைக்கும்கூட போகும். பேட்டரி வயர கழட்டிட்டு, திறந்த வெளியில வெச்சு காலி பண்ணுங்க. பெட்ரோல் இருந்த டேங்க்ல நீங்களா வெல்டிங், பர்னர் எதையும் காட்டாதீங்க, ரெண்டு மாசம் காஞ்ச டேங்கா இருந்தாலும் துருவுக்குள்ள ஆவி இருக்கும்.

பெட்ரோல் காக் (பெட்ரோல திறந்து மூடுற குழாய்), கேஜ் ஃப்ளோட் (அளவு காட்டுற மிதவை), மூடி எல்லாத்தையும் கழட்டிட்டு, முதல்ல வெந்நீரும் பாத்திரம் கழுவுற லிக்விடும் ஊத்தி நாலஞ்சு தடவ அலசுங்க. இத நிறைய பேர் விட்டுடறாங்க, பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஒட்டியிருந்தா அதுக்கடியில இருக்க துருவ ஆசிட் தொடவே தொடாது. அப்புறம் ஒரு பிடி நட்டோ சின்ன செயினோ உள்ள போட்டு நல்லா குலுக்குங்க, போட்டத எண்ணி வெச்சுக்கங்க, வெளிய எடுக்கும்போது கணக்கு சரியா வரணும்.

துருவுக்கு வினிகர் போதும், இல்லன்னா ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட். கழுத்து வரைக்கும் நிரப்பி ஒருநாள் விடுங்க. ஊத்தும்போது தண்ணியா இருந்தது வெளிய வரும்போது கடுங்காப்பி மாதிரி வரும். டார்ச் அடிச்சு பாருங்க, உள்ள சாம்பல் நிறத்துல தகடு தெரியணும், தெரியலன்னா இன்னொரு தடவ. டாய்லெட் ஆசிட் ஊத்தாதீங்க, துருவோட சேத்து தகட்டையும் தின்னுடும். முடிஞ்சதும் ஆப்பசோடா கரைச்ச தண்ணியில அலசிட்டு உடனே காய வைங்க, ஏன்னா சுத்தமான இரும்பு கொஞ்ச நேரத்துலயே திரும்ப ஆரஞ்சு ஏற ஆரம்பிச்சுடும்.

காய வைக்கிறதுலதான் நான் ஒரு டேங்க கெடுத்தேன். மேல தொட்டா காஞ்சிருந்துச்சு, ஜாயின்ட் மடிப்புக்குள்ள ஈரம் இருந்திருக்கு, சீலர் ஊத்திட்டேன். சில மாசத்துல அது தோல் மாதிரி உரிஞ்சு வந்து காக் ஓட்டைய அடைச்சுடுச்சு, அந்தத் தோல முழுசா எடுக்குறது துரு எடுக்குறதவிட பத்து மடங்கு வேலை. உண்மையான ரிப்பேர் கழுவுறதும் காய வைக்கிறதும்தான், சீலர் கடைசி அரை மணி நேர வேலை. பெட்ரோல் வாசனை சுத்தமா போனப்புறம் சூடான காத்து உள்ள போற மாதிரி வெச்சு, கூடவே ஒரு முழுநாள் வெயில்ல போடுங்க.

குண்டூசி அளவு ஓட்டைன்னா சீலரே அடைச்சுடும். அதவிட பெருசுன்னா வெளியில பெயின்ட்ட சுரண்டி, உப்புத்தாள் தேச்சு, தகடு பளிச்சுன்னு தெரிஞ்சப்புறம் எபாக்ஸி புட்டி (கலந்து வெச்சா கெட்டியா இறுகுற பசை) வெச்சு இறுக விட்டு அப்புறம் சீலர் ஊத்துங்க. விரல் நுழையுற அளவுன்னா டேங்க் வேலை தெரிஞ்சவர்கிட்ட குடுத்து துண்டு தகடு வெச்சு ஒட்டுப் போட்டுக்கங்க. பிளாஸ்டிக் டேங்க்ல இதெல்லாம் ஒட்டாது, மாத்திடுங்க.

சீலர்ல பெட்ரோல் தாங்கும்னு போட்டிருக்கணும், எத்தனாலும் தாங்கும்னு போட்டிருந்தா இன்னும் நல்லது. காக் ஓட்டையில கிரீஸ் தடவுன போல்ட் போடுங்க, மரை அடைக்காது. மூடிகிட்ட இருக்க சின்ன காத்து குழாய்லயும் ஒரு கம்பிய சொருகி வைங்க, அது அடைச்சா வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்னுடும், கோளாறு அங்கதான்னு நெனச்சு நீங்க கார்பரேட்டர கழட்டிட்டு இருப்பீங்க. சீலர ஊத்தி எல்லா பக்கமும் மெதுவா உருட்டி, மிச்சத்த முழுசா வடிச்சுடுங்க, குட்டையா தேங்குனா அந்த இடம் இறுகாம உரியும். டப்பாவுல நாலு நாள்னு போட்டிருந்தா நாலு நாளும் விடுங்க.

அப்புறம் கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி, வெளிய நல்லா காத்தோட்டமா பழைய நியூஸ்பேப்பர் மேல ராத்திரி முழுக்க வைங்க. காலையில பேப்பர்ல கறை இல்லன்னா புது ஃபியூயல் ஹோஸ், புது ஃபில்டர் போட்டு மாட்டுங்க, முதல் ரெண்டு வாரம் ஃபில்டர்ல துருவோ சீலர் துண்டோ வருதான்னு பாத்துட்டே இருங்க.