சின்னப் பிச்சாத்திக்குச் சாணைக் கருவி வாங்கும் முன்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையல் பக்கம் ரப்பர் நர்சரியில் பட்டிங் (ஒட்டு) போடுகிறவர்களின் சட்டைப் பையில் கிடக்கும் மடக்குப் பிச்சாத்திக்கு, அதாவது மடக்குக் கத்திக்கு, அலகு பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. நீளம்தான். வாயிலிருந்து (வெட்டும் விளிம்பு) முதுகு வரை அளந்தால் 10 முதல் 15 மி.மீ. தேறும். கோணம் மாறாமல் தீட்டித் தரும் கருவிகளில் பல, இதைவிட அகலமான அலகுகளுக்கென்று செய்தவை. எத்தனை கல், எத்தனை டிகிரி (கல் அலகின் மேல் சாயும் கோணம்) என்று மட்டும் பார்த்து வாங்கினால், பெட்டியைப் பிரித்த அன்றைக்கே கல் கத்தியின் வாயைத் தொடாமல் கத்தியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பில் போய் உரசும். அதனால் கடைக்குப் போகும் முன் வெர்னியர் அளவுகோலை எடுத்து மூன்று அளவு குறித்துக்கொள்ளுங்கள்: அலகின் நடுவில் வாயிலிருந்து முதுகு வரை உள்ள அகலம், முதுகின் தடிமன், கைப்பிடி முடிந்த இடத்திலிருந்து நுனி வரை நீளம்.

இதில் அகலம்தான் தலையானது. கிளாம்பின் தாடை முதுகுப் பக்கம் 4 மி.மீ. கவ்வுகிறது, அதன் முன்விளிம்பு அலகின் நடுத்தளத்திலிருந்து 3 மி.மீ. உயர்ந்து நிற்கிறது என்று வையுங்கள். 17 டிகிரியில் கல் தாடையில் இடிக்காமல் போக, வாய் தாடையிலிருந்து 10 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 20 டிகிரிக்கு 8.25 மி.மீ., 25 டிகிரிக்கு 6.5 மி.மீ. போதும். கவ்வும் 4 மி.மீ.ஐயும் கூட்டினால், 17 டிகிரி வேண்டுமென்றால் அலகு 14 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். 11 மி.மீ. அலகை அந்தக் கிளாம்பில் வைத்தால் 23 டிகிரிக்குக் கீழே இறங்கவே முடியாது. தாடை எவ்வளவு மெல்லியதோ, எவ்வளவு சரிவாகச் சீவப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்குச் சின்னக் கத்திக்கு நல்லது. தாடையின் அகலம் அலகு நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைப்பிடியோரம் கல் எட்டாது.

கருவியில் பொறித்திருக்கும் டிகிரி எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கல்லை மாட்டிய கம்பி செருகும் துளை 30 மி.மீ. உயரத்தில், வாயிலிருந்து 82 மி.மீ. தள்ளி இருந்தால் கோணம் 20 டிகிரி. அதே துளையில், 10 மி.மீ. குறைவாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒடுக்கமான அலகை வைத்தால் அது 22.6 ஆகிவிடும். காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி ஒன்று வாங்கிக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். கவ்விய அலகின் மேல் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பிறகு கல்லின் மேல் ஒட்டிப் படியுங்கள்.

இனி வகைகள். லான்ஸ்கி போன்ற கையடக்கக் கிளாம்புக்கு 17, 20, 25, 30 என்று நான்கே துளை. கல் ஒடுக்கமாக இருப்பதால் கைப்பிடியோரம் வரை எட்டும். சின்னக் கத்திக்கு இது பெரிய வசதி. இடைப்பட்ட கோணம் கிடைக்காது என்பதே குறை. வொர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட் 15 முதல் 30 டிகிரி வரை திருகைத் திருப்பி வைத்துக்கொள்ளும் வகை. கிளாம்பை அப்படியே புரட்டி மறுபக்கம் தீட்டலாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் இரும்புச் சட்டக் கருவிகளும் புரட்டும் கிளாம்போடு வருகின்றன. அவற்றை வாங்கினால் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று கம்பியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 80 மி.மீ. தூரத்தில் 1 மி.மீ. ஆட்டம் என்றால் முக்கால் டிகிரி போய்விடும். புரட்டியபின் இரண்டு பக்கமும் கோணமானியில் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அலகின் அகலம் 10 மி.மீ.க்கும் குறைவு, நீளம் 4 செ.மீ. என்றால் கிளாம்பை மறந்துவிட்டு, ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர் போல V வடிவில் செராமிக் குச்சிகள் நிற்கும் கருவியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 30 அல்லது 40 டிகிரி, அதாவது பக்கத்துக்கு 15 அல்லது 20. தண்ணீர், எண்ணெய் எதுவும் தேவையில்லை. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் போதும். நுனி குச்சியை விட்டு நழுவும் முன் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நுனி உருண்டுபோகும். வாய் உடைந்த கத்தியை இதில் மீட்பது பெரும்பாடு. காந்தக் கட்டையில் கத்தியை ஒட்டி உருளையை ஓட்டும் வகை அகலமான சமையல் கத்திக்கே சரி. இரண்டு கார்பைடு துண்டுக்கு நடுவே கத்தியை இழுக்கும் மலிவு வகையை மெல்லிய அலகின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது தீட்டாது, உலோகத்தைப் பிய்த்தெடுக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்திக்கு இவற்றில் எதுவும் ஆகாது. மடங்கிய வாய்க்கு அதற்கேற்ற வடிவக் கல்தான் வேண்டும்.

பட்டிங் கத்தி என்றால் இதைக் கவனியுங்கள்

ஒட்டுப் போடும் கத்திகளில் பல ஒருபக்கம் மட்டும் சரிவு வைத்தவை. மறுபக்கம் கண்ணாடி போலத் தட்டை. நுனியை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தத் தட்டைதான் கத்தியின் உயிர். சீவிய முகம் ஒரே தளமாக வந்தால்தான் ஒட்டும் வேர்ச்செடியும் இடைவெளியில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று படியும். புரட்டும் கிளாம்பில் மாட்டிப் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் 20 டிகிரி வைத்துவிட்டால், கத்தி கட்டையை விட்டு விலகி ஓட ஆரம்பிக்கும், சீவல் குழியும். திரும்பவும் தட்டையாக்க, போன அளவு உலோகத்தை அந்தப் பக்கம் முழுக்கத் தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே இந்தக் கத்திக்கு, கல்லைக் கம்பியிலிருந்து கழற்றி மேசையில் வைத்துத் தேய்க்க முடிகிற கருவியாகப் பாருங்கள். சரிவுப் பக்கத்தைக் கிளாம்பில் தீட்டி, தட்டைப் பக்கத்தை 1000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) கல்லின் மேல் முழுக்கப் படிய வைத்து, பிசிறு (தீட்டும்போது வாயோரம் மறுபக்கம் மடியும் மெல்லிய உலோகம்) போகும் வரை இரண்டு மூன்று முறை தேய்த்தால் வேலை முடிந்தது. அந்தப் பக்கம் கோணமே கிடையாது.

தீட்டும் முறை

முதலில் கறை. காய்ந்த ரப்பர் பாலை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். சக்கைப் பால் (பலாப் பால்) என்றால் தேங்காய் எண்ணெயில் கரைந்து வரும். அழகுக்காக இதைச் சொல்லவில்லை. தாடைக்குள் ஒரு பக்கம் மட்டும் கால் மி.மீ. பால் ஒட்டியிருந்தாலும் அலகு சாய்ந்து உட்காரும்; ஒரு பக்கச் சரிவு அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் வரும். நகக்குழியும் இதே தொல்லையைத் தரும். திறக்க நகம் வைக்கும் அந்தப் பள்ளம் ஒரு பக்கம் மட்டும், அதுவும் முதுகை ஒட்டி, தாடை கவ்வுகிற இடத்திலேயே இருக்கும். அதைத் தவிர்த்துக் கவ்வுங்கள், முடியாவிட்டால் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டிப் பள்ளத்தை மூடுங்கள். டேப் அலகைக் கீறலிலிருந்தும் காக்கும்.

லான்ஸ்கி வகையில் இரண்டு திருகு உண்டு. முன்திருகை முதுகின் தடிமனுக்கு ஏற்பத் தாடை படியும் வரை திருகிவிட்டு, பின்திருகால் இறுக்குங்கள். முன்திருகைத் தளர்வாக விட்டால் கத்தி நடுவேலையில் வழுக்கும். பூட்டு இல்லாத, விசையில் மட்டும் நிற்கும் மடக்குக் கத்தி விரல் மேல் மடங்கக்கூடும். திறந்த நிலையிலேயே மூட்டைச் சுற்றி டேப் போட்டுவிடுங்கள்.

கவ்வும் இடம் நுனியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. நேரான வாயில் கோணம் மாறாது, நுனி வளைவில்தான் மாறும். கிளாம்பைக் கைப்பிடிப் பக்கம் தள்ளிக் கவ்வினால் நுனியில் கோணம் குறைந்து சரிவு அகன்றுபோகும். நுனிப் பக்கம் தள்ளினால் அங்கே கோணம் கூடி மொண்ணையாகும். வாய் முழுக்க மார்க்கரால் கறுப்படித்து, இரண்டே இரண்டு முறை மெல்ல இழுத்துப் பாருங்கள். மை வாயோரம் மட்டும் போனால் கோணம் அதிகம். மேலே தோளில் (சரிவு தொடங்கும் இடத்தில்) மட்டும் போனால் குறைவு. நுனியிலும் நடுவிலும் ஒரே மாதிரி அழிகிற இடம் கிடைத்ததும், கைப்பிடியிலிருந்து அந்த இடத்தின் தூரம், அலகு நீட்டியிருக்கும் அளவு, கோணம் மூன்றையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் மாட்டினால் ஐந்து நிமிட வேலைதான்.

மழுங்கிய கத்திக்கு 300 முதல் 400 கிரிட்டில் தொடங்கினால் போதும். 120 எல்லாம் வாய் உடைந்தவற்றுக்கு. மறுபக்கம் நகத்தை வைத்து வெளியே இழுத்துப் பார்த்தால் பிசிறு தட்டுப்படும். கைப்பிடியோரம் தொடங்கி நுனி வரை, விடுபடாமல், பிசிறு வரும்வரை அதே கல்லில் இருங்கள். கத்தி கூர் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: நடுவில் மட்டும் பிசிறு வந்ததும் அடுத்த கல்லுக்குத் தாவிவிடுவது. பிறகு பக்கம் மாற்றி அதேபோல். அதன்பின் 600, 1000. கல் ஏற ஏறப் பாரம் குறைய வேண்டும். கடைசிப் பத்து இழுப்புக்குக் கல்லின் எடையே போதும். கல்லுக்குப் பதில் வைரத்துகள் பதித்த டைமண்ட் பிளேட் என்றால், அதை அமுக்கித் தேய்த்தால் துகள் உதிர்ந்து பிளேட் வீணாகும், மெல்லிய அலகும் வளைந்து கோணம் தப்பும்.

கயிறு, வாழைநார் அறுக்க 600 கிரிட்டில் நிறுத்துவதே மேல். லேசான பல் இருந்தால்தான் நார் பிடிபடும். ஒட்டு வேலைக்கு 1000 தாண்டி, பச்சை பாலிஷ் பூசிய தோல் பட்டையில் பக்கத்துக்குப் பத்து முறை, வாய் பின்னால் வரும்படி இழுங்கள். ஒருபக்கச் சரிவுக் கத்தி என்றால் மறுபக்கம் தோலிலும் தட்டையாகவே படிய வேண்டும்.

சோதிக்கச் செம்பருத்தியின் இளங்குச்சி ஒன்றை ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவி, முகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஈரமாக, கோடில்லாமல் மின்னினால் கத்தி தயார். மெல்லிய கோடு ஒன்று நீளமாக ஓடினால் வாயில் அந்த இடத்தில் பொடி உடைப்போ பிசிறோ மிச்சம் இருக்கிறது, 600க்குத் திரும்புங்கள். பட்டை ஓரம் நார்நாராகக் கிழிந்தால் கூர் பத்தவில்லை.

தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் கொட்டுகிற ஊரில் கார்பன் ஸ்டீல் கத்தியைத் தீட்டிய கையோடு துடைத்து எண்ணெய் தடவாவிட்டால், மறுநாள் காலையில் புது வாயில் செம்பொட்டு நிற்கும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் மூட்டில் சிக்குப் பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். ஒட்டுப் போடும் முன் அந்த எண்ணெயை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட வேண்டும். பிளேட்டுகளையும் கழுவி, நிழலில் உலர்த்தி, கம்பியிலிருந்து கழற்றித் தனித்தனியாக வையுங்கள்.